செதேர் மேசையில் மாரோர்: லெட்டூஸா, ஹார்ஸ்ரேடிஷா?

எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டதை யூதர்கள் நினைவுகூரும் பெசாக் பண்டிகையின் இரவு விருந்து செதேர். அதில் உண்ணும் கசப்புக் கீரையே மாரோர். அதற்கு யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா ஐந்து செடிகளைச் சொல்கிறது. முதலில் வரும் 'ஹசெரெத்' லெட்டூஸ்தான் என்கிறது மிஷ்னாவை விளக்கும் தல்மூத். முதலில் வருவதற்கே முன்னுரிமை. கிழக்கு ஐரோப்பாவின் குளிரில் பண்டிகைக்குள் இலை முளைக்காது என்பதால், அங்கே காரமான வேர்க்கிழங்கான ஹார்ஸ்ரேடிஷ் வழக்கமானது.

பொருளிலும் லெட்டூஸ் பொருத்தமானது. தொடக்கத்தில் மென்மை, முற்றினால் தண்டில் கசப்பு. எகிப்தின் அடிமைத்தனமும் அப்படித்தான் தொடங்கியது. ஹார்ஸ்ரேடிஷில் இருப்பது கசப்பைவிடக் காரம்தான். ஆனால் கண்ணில் நீர் வரும்போது யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

லெட்டூஸில் சிக்கல் பூச்சி. இலை மடிப்பில் ஒட்டும் அசுவினி பச்சையாகவே இருப்பதால் கண்ணுக்குத் தப்பிவிடும். இலைகளைத் தனித்தனியாகப் பிரித்து, சோப்பு கலந்த நீரில் சில நிமிடம் ஊறவைத்து, ஓடும் நீரில் இருபுறமும் தேய்த்துக் கழுவி, விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நேரமில்லையா? நடுத்தண்டை மட்டும் கழுவி உண்ணலாம், அதுவும் செல்லும்.

ஹார்ஸ்ரேடிஷைத் துருவிய உடனே காரம் ஆவியாகத் தொடங்கும். மூடி இறுக்கமான புட்டியில் வையுங்கள். செதேர் வெள்ளி இரவில் வந்தால் அன்று மாலை தொடங்கும் ஓய்வு நாளான சப்பாத்துக்கு முன்பே துருவிவிட வேண்டும். பீட்ரூட்டும் வினிகரும் சேர்த்த கடைப்புட்டி மாரோர் ஆகாது, ஊறுகாய் போட்ட கீரையை மிஷ்னா ஏற்பதில்லை.

அளவு இரண்டுக்கும் ஒன்றே: 'கசாயித்', ஓர் ஒலிவக்காய் அளவு. அவ்வளவு பச்சை ஹார்ஸ்ரேடிஷ் வயிற்றைப் புண்ணாக்கும். முதியவருக்கும் குழந்தைக்கும் லெட்டூஸே கொடுங்கள். பல வீடுகளில் இலைக்குள் ஒரு சிட்டிகை துருவலை வைத்துச் சுருட்டுகிறார்கள். எதுவானாலும் பழமும் கொட்டையும் சேர்த்து அரைத்த ஹரோசெத்தில் தோய்த்து உதறிவிட்டு, சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்து உண்ண வேண்டும்.