ப்ளூன்ஸ் டிடி 6: ஆறு வருஷம் பலூன் உடைத்த அனுபவம்

நியூசிலாந்தின் நிஞ்ஜா கிவி 2018 ஜூனில் வெளியிட்ட கேம் இது. என் கைக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. நடுவில் மூன்று போன் மாற்றிவிட்டேன், இதை மட்டும் அழிக்க மனசு வரவில்லை. பாதையில் பலூன் வரும், ஓரத்தில் குரங்குகளை (கேமின் பாஷையில் ‘டவர்’) நிறுத்தி உடைக்க வேண்டும்; தப்பி வெளிவாசலைத் தாண்டினால் நம் உயிர் குறையும். நெட் இல்லாமலும் ஓடும் என்பதால் ரயில் பயணங்களுக்கு உத்தரவாதம்.

முதல் வருஷம் முழுக்க ஒரே தப்பைச் செய்தேன்: காசு சேரச் சேர இன்னொரு குரங்கு. போன மாசம் அக்கா பையனும் அதையே செய்துகொண்டிருந்தான். மங்கி மெடோ மேப்பில் பாதை நெடுக டார்ட் குரங்குகள், அதாவது கூரான சின்ன அம்பு எறிபவை. 28-வது ரவுண்டில் ஈயப் பலூன் ஆடி அசைந்து வந்தது. எட்டுக் குரங்கும் விடாமல் எறிகின்றன, அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. “மாமா, போன் ஹேங் ஆகுதா?” என்றான். இல்லடா, கூரான எதுவும் ஈயத்தில் இறங்காது. எட்டு இருந்தாலும் எண்பது இருந்தாலும் அதே கதைதான்.

வினாத்தாளைக் கையில் கொடுத்துவிட்டுப் பரீட்சை வைக்கிற கேம் இது. ஆல்டர்நேட் ரவுண்ட்ஸ் மாதிரி சில மோடுகளை விட்டுவிட்டால், எந்த ரவுண்டில் என்ன வரும் என்பது மாறவே மாறாது. 24-ல் கண்ணுக்குத் தெரியாத கேமோ, 28-ல் ஈயம், 40-ல் முதல் மோஆப் (பல அடி தாங்கும் ஆகாயக் கப்பல்), 63-ல் செராமிக் (கெட்டியான ஓடு போட்ட பலூன்) கூட்டம், 95-ல் டிடிடி (வேகமான கப்பல்), 100-ல் பேட் (இருப்பதிலேயே பெரிய கப்பல்). இதை மனப்பாடம் செய்த பிறகுதான் நான் உருப்படியாக ஜெயிக்க ஆரம்பித்தேன். கேமோவுக்கு நிஞ்ஜா குரங்கு போதும், அதற்குப் பிறவியிலேயே கேமோ தெரியும்.

புதிதாக வருபவர்கள் கண்டுகொள்ளாத ஆள், மருந்து வீசும் குரங்கான ஆல்கெமிஸ்ட். தனியாகப் பார்த்தால் சுமார்தான். ஆனால் அவனுக்குள்ள மூன்று அப்கிரேட் வரிசைகளில் மேல் வரிசையின் இரண்டாவதைப் போட்டால் பக்கத்துக் குரங்குகளும் ஈயத்தை உடைக்கும். மூன்றாவதும் நான்காவதும் போட்டால் அவன் வீசும் மருந்தில் அவற்றின் வேகமும் அடியும் கூடும். ஒரு நல்ல டவரும் பக்கத்தில் இவனும் இருந்தால், ஐந்தாறு அரைகுறை டவர்கள் செய்யாததைச் செய்வார்கள். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம்: எல்லைக்குள் வெட்டியாக நிற்கிற டார்ட் குரங்குக்கும் அவன் மருந்து வீசுவான். அதனால் சில்லறைக் குரங்குகளைத் தள்ளியே நிறுத்துங்கள்.

63 பலரையும் வீட்டுக்கு அனுப்புகிற ரவுண்ட். நூற்றுக்கு மேல் செராமிக், அதுவும் கொத்துக் கொத்தாக வரும். ஒற்றைப் பெரிய பலூனை அடிக்கிற டவர் இங்கே உதவாது, ஒரே அடியில் பலவற்றைத் துளைப்பது வேண்டும். 62 முடிவதற்குள் ஆட்டோ ஸ்டார்ட்டை (அடுத்த ரவுண்டைத் தானே தொடங்கும் வசதி) அணைத்துவிடுவேன். ஹீரோவின் (டவர்களோடு நிறுத்தும் சிறப்பு ஆள்) திறனையும் அதுவரை தொடமாட்டேன்.

நிஜக் காசு கொடுத்து, கேமில் சேரும் காசை இரட்டிப்பாக்கும் டபுள் கேஷ் வாங்கலாம். வாங்கினால் சுவாரசியம் பாதி போய்விடும் என்பது என் கட்சி. கஷ்டமான சிம்ப்ஸ் மோடில் அது செல்லவும் செல்லாது.

அந்த சிம்ப்ஸில் ஒரு உயிர்கூடப் போகக் கூடாது, நிறுத்திய டவரை விற்கவும் முடியாது. முதல்முறை 100-ஐத் தொட்டபோது எல்லா டவரையும் ‘ஸ்ட்ராங்’ (இருப்பதில் வலுவானதை அடி) குறியில் வைத்திருந்தேன். பேட் உடைந்தது. ஜெயித்தாயிற்று என்று போனை வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். அதன் வயிற்றில் இரண்டு இசட்ஓஎம்ஜியும் (இன்னொரு பெரிய கப்பல்) மூன்று டிடிடியும் இருப்பது எனக்குத் தெரியாது. டிடிடி ஈயம், கேமோ இரண்டும் சேர்ந்தது, வேகமும் பேய் வேகம். திரும்பி வந்தபோது திரையில் தோல்விதான் இருந்தது. இப்போதெல்லாம் பக்கத்து டவர்களுக்கு உதவும் கட்டிடமான மங்கி வில்லேஜில் நடு வரிசையின் மூன்றாவது அப்கிரேடைப் போட்டு (எல்லைக்குள் இருப்பவை ஈயம், கேமோ இரண்டையும் அடிக்கும்), அதன் எல்லைக்குள், வெளிவாசல் பக்கம் இரண்டு டவரை ‘ஃபர்ஸ்ட்’டிலேயே (முன்னால் வருவதை அடி) விட்டுவிடுகிறேன். தண்ணீர் பாட்டிலும் பக்கத்திலேயே இருக்கும்.