டெப், ஆர்பிஎம், ஆர்ச் பேக்கேஜ்: இரண்டாம் பதிப்பு வந்தபிறகு தெரிபவை

பின்னணியில் ஓடும் ஒரு சிறு சி நிரலை டெபியன் (டெப்), ஃபெடோரா (ஆர்பிஎம்), ஆர்ச் என்ற மூன்று லினக்ஸ் வகைகளுக்கும் பேக்கேஜ் (நிறுவத் தயாரான தொகுப்பு) ஆக்க, கையேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு வார இறுதி போதும். முதல் நிறுவல் மூன்றிலும் ஒழுங்காகவே நடக்கும். 1.0 ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் 1.1 ஏறும்போதுதான் ஒவ்வொன்றின் சுயரூபம் தெரியும். அதனால் இந்த மதிப்பீடு மேம்படுத்தலை வைத்துத்தான்.

எழுதுவதற்கு ஆர்ச் சுகம். அதன் செய்முறைக் கோப்பான பிகேஜிபில்ட் வெறும் பாஷ் (ஷெல்) ஸ்கிரிப்ட்தான், ஐம்பது வரிக்குள் முடிந்துவிடும். ஃபெடோராவுக்கு அதே வேலைக்கு ஒரே ஒரு ஸ்பெக் கோப்பு. டெபியன்தான் ஆரம்பத்தில் படுத்தி எடுக்கும்: கண்ட்ரோல், ரூல்ஸ், சேஞ்ச்லாக், காப்பிரைட் என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கோப்பு. ரூல்ஸ் ஒரு மேக்ஃபைல் (மேக் கருவிக்கான கட்டளைக் கோப்பு) என்பதால் வரித் தொடக்கத்தில் ஸ்பேஸ் போட்டால் ஓடாது, டேப்தான் வேண்டும். சேஞ்ச்லாக்கில் மின்னஞ்சலுக்கும் தேதிக்கும் நடுவே இரண்டு ஸ்பேஸ் இருந்தாக வேண்டும். அதைக் கையால் தொடாமல் டிசிஎச் கட்டளையிடம் விட்டுவிடுங்கள்.

அதிகம் பேர் சறுக்குவது பதிப்பு எண்ணில். சோதனைப் பதிப்புக்கு 1.0ஆர்சி1 என்று பெயர் வைத்தால், டெப், ஆர்பிஎம் இரண்டின் கணக்கிலும் அது 1.0-ஐவிடப் புதியது. இறுதிப் பதிப்பு வெளியானாலும் பயனர் கணினி அதைத் திரும்பிப் பார்க்காது. 1.0~ஆர்சி1 என்று நடுவில் அலைக்குறி போட்டால் 1.0-க்கு முன்னால் போய் நிற்கும். ஆர்ச்சின் நிறுவல் கருவியான பேக்மேன் மட்டும் ஆர்சி, பீட்டா போன்ற ஒட்டுகளைத் தானாகவே பின்தள்ளிவிடும். தவறிப்போனால் பதிப்புக்கு முன்னால் நின்று மற்ற எண்களை மீறும் எபோக் எண்ணை உயர்த்தித் தப்பலாம், ஆனால் போட்ட எபோக்கைப் பிறகு எடுக்கவே முடியாது. அந்த 1: ஆயுளுக்கும் ஒட்டிக்கொள்ளும்.

அடுத்தது நிறுவல் ஸ்கிரிப்ட், அதாவது நிறுவும்போதும் நீக்கும்போதும் தானாக ஓடும் கட்டளைகள். ஆர்பிஎம்மில் மேம்படுத்தும்போது புதிய பேக்கேஜின் %போஸ்ட் (நிறுவியபின் ஓடுவது) முதலில் ஓடும். பழையதன் %ப்ரீஅன், %போஸ்ட்அன் (நீக்கத்துக்கு முன்னும் பின்னும் ஓடுபவை) அதற்குப் பிறகுதான். பேக்கேஜை நீக்கினால் சர்வீஸின் (பின்னணியில் ஓடும் அந்த நிரலின்) பயனர் கணக்கும் டேட்டா அடைவும் போகட்டும் என்று %போஸ்ட்அன்னில் இரண்டு வரி எழுதி வைப்பார்கள். நிறுவிப் பார்த்தால் சரி, நீக்கிப் பார்த்தாலும் சரி. மேம்படுத்தும்போது அதே இரண்டு வரி, அப்போதுதான் வந்து அமர்ந்த 1.1-இன் டேட்டாவைத் துடைத்துவிடும். ஸ்கிரிப்டுக்கு ஆர்பிஎம் தரும் $1 மதிப்பு 0 என்றால் முழு நீக்கம், 1 என்றால் மேம்படுத்தல். இந்தச் சோதனை இல்லாததுதான் காரணம். இதைவிடக் கொடுமை, 1.1-இல் திருத்தினாலும் பயனில்லை. ஓடப்போவது பயனர் கணினியில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் 1.0-இன் ஸ்கிரிப்ட். புதியதில் %போஸ்ட்ட்ரான்ஸ் எழுதி, எல்லாம் முடிந்தபின் பயனர் கணக்கைத் திரும்ப உருவாக்கலாம். போன டேட்டா போனதுதான்.

டெபியனின் கெடுபிடிக்கு அர்த்தம் புரிவது இங்கேதான். அங்கே ஸ்கிரிப்டுக்கு எண் வராது, அப்கிரேட் (மேம்படுத்தல்), ரிமூவ் (நீக்கல்), பர்ஜ் (அமைப்புக் கோப்பு உட்பட முழு நீக்கல்) என்று சொல்லாகவே வரும். டேட்டாவை அழிக்கும் வரிக்குப் பர்ஜ்தான் இடம். பழைய பேக்கேஜின் ப்ரீஆர்எம் (நீக்கத்துக்கு முன் ஓடும் ஸ்கிரிப்ட்) மேம்படுத்தலின்போது தோற்றால், டெபியனின் நிறுவல் கருவியான டிபிகேஜி புதியதன் ப்ரீஆர்எம்மை அழைத்து ஒரு வாய்ப்பு தரும். அதாவது 1.0-இல் செய்த பிழையை 1.1 வந்து சமாளிக்கலாம்.

பயனர் திருத்திய அமைப்புக் கோப்பு என்ன ஆகும்? டெபியன் நின்று கேட்கும். ஆளில்லாத சர்வரில் அந்தக் கேள்வியிலேயே வேலை நின்றுபோகும். பேக்கேஜ்களின் கேள்விகளைக் கேட்கும் டெப்கான்ஃபை நான்இன்டராக்டிவ் (கேள்வி கேட்காத நிலை) ஆக்கினாலும் இது அடங்காது, கேட்பது டிபிகேஜி என்பதால் அதற்குத்தான், பழையதையே வைத்துக்கொள்ளச் சொல்லும் ஃபோர்ஸ்-கான்ஃப்ஓல்ட் கொடுக்க வேண்டும். ஆர்பிஎம்மில் அந்தக் கோப்பை %கான்ஃபிக்(நோரீப்ளேஸ்) என்று குறித்திருந்தால் புதியது .ஆர்பிஎம்நியூ என்று ஓரமாக இறங்கும். வெறும் %கான்ஃபிக் என்றால் பயனருடையது .ஆர்பிஎம்சேவ் ஆக ஒதுங்கும். ஆர்ச்சில் பிகேஜிபில்டின் பேக்கப் வரிசையில் கோப்பின் பெயர் இல்லையென்றால் சத்தமில்லாமல் மேலெழுதிவிடும்.

லைப்ரரிச் சார்புகளை (நிரல் ஓடத் தேவையான பிற லைப்ரரிகளின் பட்டியலை) கையால் எழுதாதீர்கள். லிப்எஸ்எஸ்எல் 1.1 என்று எழுதி வைத்த டெப் எதுவும் டெபியன் 12-இல் நிறுவப்படவில்லை, அங்கே இருப்பது 3. டெபியனின் டிபிகேஜி-எஸ்எச்லிப்டெப்ஸ் கருவி தானே கண்டுபிடித்து நிரப்பும். ஆனால் அது பார்ப்பது எந்தக் கணினியில் கட்டினோமோ அதைத்தான். ஆகவே டெபியனின் எஸ்பில்ட், ஃபெடோராவின் மாக், ஆர்ச்சின் டெவ்டூல்ஸ் போன்ற சுத்தமான சூழலில், ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தனித்தனியாகக் கட்டுங்கள். உபுண்டு 22.04-இல் கட்டிய டெப் டெபியன் 11-இல் திறக்கக்கூட மாட்டேன் என்னும். உபுண்டு இசட்எஸ்டிடி முறையில் சுருக்குகிறது, டெபியன் 11-இன் டிபிகேஜிக்கு அது தெரியாது. திறந்தாலும் ஜிலிப்சி (சி நிரல்களின் அடிப்படை லைப்ரரி) 2.35-ஐ வைத்துக் கட்டியது டெபியன் 11-இன் 2.31-இல் ஓடும் என்று நம்ப முடியாது.

மூலநிரலை டார்பாலில் (வெளியீட்டுக்குச் சுருக்கிக் கட்டிய கோப்பில்) இருந்து எடுப்பதா, கிட் டேகில் (நிரல் களஞ்சியத்தில் குறியிட்ட பதிப்பில்) இருந்தா என்ற பழைய வாக்குவாதம் 2024 மார்ச்சில் சூடுபிடித்தது. எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 டார்பால்களில் இருந்த நச்சு எம்4 கோப்பு (கட்டும்போது ஓடுவது) கிட்டில் இல்லவே இல்லை. டெப் அல்லது ஆர்பிஎம் கட்டும் சூழலா என்று பார்த்துவிட்டுத்தான் அது வேலையைத் தொடங்கியது. கிட் டேக்தான் என் தேர்வு. கட்டுமான ஸ்கிரிப்டுகளை உருவாக்கும் ஆட்டோரீகான்ஃப் ஓட்டும் ஒரு படி கூடும், அவ்வளவே.

வெளியிடும் முன் பழைய பதிப்பை நிறுவி, அமைப்புக் கோப்பில் ஒரு வரி மாற்றி, மேம்படுத்தி, கடைசியில் நீக்கிப் பாருங்கள். டெபியனில் பியூபார்ட்ஸ் கருவி இதில் பெரும்பகுதியைத் தானே செய்யும். மற்ற இரண்டுக்கும் மெய்நிகர் கணினி வையுங்கள். சாதாரண கன்டெய்னரில், சர்வீஸ்களை இயக்கும் சிஸ்டம்டி ஓடாது என்பதால் சர்வீஸ் மறுதொடக்கம் சோதிக்கப்படாமலே தேறிவிடும்.