"சிறப்புக் குழந்தைகளுக்கும் இடம் உண்டு" என்று போட்டிருக்கும் சம்மர் கேம்ப்புக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளை வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகனுக்கு 9 வயது. பேசுவான், தனக்கு வேண்டியதை மட்டும். மைக் சத்தம் ஆகாது, ஈரப் பெயிண்ட் கையில் பட்டால் அழுவான், தண்ணீரைக் கண்டால் நேரே அதை நோக்கிப் போய்விடுவான். இதையெல்லாம் சேர்க்கைப் படிவத்தின் பின்பக்கம் எழுதியே கொடுத்தேன். நாகர்கோவிலுக்குச் சற்று வெளியே ஒரு மண்டபத்தில் நடந்த மே மாதக் கேம்ப். "நீங்க ஒண்ணும் யோசிக்காதீங்க மேடம், நம்மகிட்ட ஸ்பெஷல் எஜுகேட்டர் இருக்காங்க, பிள்ளைய தனியா கவனிப்பாங்க" என்று ஒருங்கிணைப்பாளர் போனில் சொன்னார். தனிக் கவனிப்புக்குத் தனிக் கட்டணம். மற்ற பிள்ளைகளுக்கு 4,500 ரூபாய், எங்களுக்கு அதற்கு மேல் 3,000. ரசீதில் "உதவியாளர் கட்டணம்" என்று அவர்களே கைப்பட எழுதித் தந்தார்கள். நீங்களும் அப்படிப் பிரித்து எழுதி வாங்குங்கள், மொத்தத் தொகையை மட்டும் போட்டுத் தந்தால் விடாதீர்கள்.

தினமும் மதியம் வாட்ஸ்அப்பில் போட்டோ வரும். முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது, சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினேன். அப்புறம்தான் கவனித்தேன். எல்லாப் போட்டோவிலும் அதே நீல நாற்காலி, அதே ஜன்னல், பின்னால் சுவரில் அடுத்த பேட்ச்சின் அட்மிஷன் போஸ்டர். கையில் பிரஷ் கொடுத்திருக்கிறார்கள், பிரஷ் காய்ந்து கிடக்கிறது, முன்னால் இருக்கும் தாள் வெள்ளையாக இருக்கிறது. மற்ற பிள்ளைகள் ஒருவர்கூட எந்தப் படத்திலும் இல்லை.

சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன். மண்டபத்துக்குள் ஆளுயர ஸ்பீக்கர் வைத்துப் பாட்டு, பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். என் மகன் ஆபீஸ் அறையில், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, மேசையில் யாருடைய போனிலோ ஓடும் வீடியோவின் முன்னால் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஆள் இல்லை. அந்த அறைக்குப் பின்பக்கம் ஒரு கதவு, அது திறந்து கிடந்தது, அதற்கு அப்பால் தென்னந்தோப்பு, தோப்பு முடிகிற இடத்தில் குளம். நம்ம மாவட்டத்தில் திரும்பின பக்கமெல்லாம் குளமும் கால்வாயும்தான். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் நிறைய பேர் கண் அசந்த நேரத்தில் வெளியே போய்விடுவார்கள், தண்ணீர் பலரை இழுக்கும், இப்படிப் போகும் பிள்ளைகள் இறப்பதற்கு முக்கியக் காரணமே நீரில் மூழ்குவதுதான். அந்தக் கதவைப் பார்த்தபோது 3,000 ரூபாயெல்லாம் மறந்துபோனது.

ஸ்பெஷல் எஜுகேட்டர் எங்கே என்று கேட்டால் ஒரு காலேஜ் பெண்ணைக் காட்டினார்கள். பாவம், அவள் உண்மையைச் சொன்னாள்: "அக்கா, என்னைய மைக் செட் பாக்கத்தான் சொன்னாங்க, இவன்கூட இருக்கணும்னு யாருமே சொல்லல்ல." ஒருங்கிணைப்பாளர் வந்தார், கூச்சமே இல்லாமல், "அவன் அட்ஜஸ்ட் ஆவ மாட்டேங்கான் மேடம், மத்த பேரன்ட்ஸ் கம்ப்ளெயின்ட் பண்ணுதாங்க, நாளையிலேருந்து கூட்டிட்டு வரண்டாம்" என்றார். பணம்? "கட்டிய பணம் திருப்பித் தரப்படாது" என்று ரசீதின் அடியில் அச்சடித்திருக்கிறதாம்.

எரிச்சல் எங்கே என்றால், அவனைச் சேர்த்துக்கொள்ளப் பெரிய செலவே கிடையாது. எங்கள் ஊர் சர்ச்சில் விபிஎஸ் (லீவில் பிள்ளைகளுக்கு நடத்தும் வேதாகமப் பள்ளி) நடத்தும் ஒரு அக்காவுக்கு எந்தப் பயிற்சியும் இல்லை, கட்டணமும் இல்லை. பாட்டு, கதை, விளையாட்டு, பிஸ்கட், வீட்டுக்குப் போவது என்று ஒரு அட்டையில் வரிசையாகப் படம் வரைந்து அவன் கையில் கொடுத்துவிட்டார். ஆக்‌ஷன் சாங் தொடங்கும் முன் வந்து காதில் சொல்லுவார், வேண்டுமென்றால் வராந்தாவில் இருந்துகொள்ளலாம். ஸ்பீக்கர் பக்கம் உட்கார வைக்க மாட்டார். கூட ஒரு பெரிய பையனைத் துணைக்குப் போட்டார், அவனும் நிழல் மாதிரி கூடவே இருந்தான். கடைசி நாள் மேடையில் நின்று பாடவெல்லாம் இல்லை, ஓரமாக நின்று கை மட்டும் தட்டினான், அது போதும் எங்களுக்கு.

சரி, பணம் கட்டும் முன் என்ன கேட்கலாம்? ஸ்பெஷல் எஜுகேட்டர் இருக்கிறார் என்றால் இப்படிப்பட்ட சிறப்பு ஆசிரியர்களைப் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் அவருடைய பதிவு எண்ணைக் கேளுங்கள், படித்துப் பதிவு செய்தவர் யோசிக்காமல் சொல்லுவார். பிள்ளையோடு இருக்கப்போகிறவரை முன்பே நேரில் பாருங்கள், அவரும் பிள்ளையைப் பார்க்கட்டும். ஒரு நாளின் வரிசை என்ன, சத்தம் தாங்காமல் போனால் எங்கே உட்காரலாம், பின் கதவு எங்கே திறக்கிறது, பக்கத்தில் குளமோ கிணறோ இருக்கிறதா, சொத்தவிளைக் கடற்கரைக்கோ திற்பரப்பு அருவிக்கோ கூட்டிப்போனால் அவன் கையை யார் பிடிப்பார்கள் என்று கேளுங்கள். முக்கியமாக, எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். "பேரன்ட்ஸ் உள்ளே வந்தா பிள்ளைங்க டிஸ்டர்ப் ஆவாங்க" என்றால் அப்படியே திரும்பிவிடுங்கள்.

திருப்பித் தர மாட்டோம் என்று அச்சடித்துவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். சொன்ன சேவையைத் தராவிட்டால் அது சேவைக் குறைபாடு. முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியலாம். அப்புறம் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, வக்கீல் கட்டாயமில்லை, கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமும் கிடையாது, 2 வருடத்துக்குள் போட வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. பொழுதுபோக்கிலும் விளையாட்டிலும் கலந்துகொள்ளும் உரிமையை அந்தச் சட்டம் தனித்தனியாகவே சொல்கிறது, சட்டத்தை மீறினால் முதல் தடவை 10,000 ரூபாய் வரை அபராதம். நான் கலெக்டர் ஆபீஸில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் ஒரு மனு கொடுத்திருக்கிறேன், சென்னையில் மாநில ஆணையருக்கும் அனுப்பியிருக்கிறேன்.

பணத்தைக் கேட்டு என் நோட்டீஸ் பதிவுத் தபாலில் போனதும் கேம்ப்காரர்கள் போன் பண்ணினார்கள். பாதிப் பணம் தருவார்களாம், இதைப் பற்றி நான் எங்கேயும் எழுதக் கூடாதாம். அதனால் எழுதுகிறேன். வழக்கு போகும் நேரத்தில் பெயரை இங்கே போட வேண்டாம் என்று தெரிந்த வக்கீல் சொன்னதால் போடவில்லை. இந்த வருடம் எங்கேயாவது "உதவியாளர் கட்டணம்" என்று கட்டியவர்கள் இருந்தால் ரசீதைப் படமெடுத்து இன்பாக்ஸில் அனுப்புங்கள், ஒரே ஆட்கள்தான் என்றால் சேர்ந்து மனு போடலாம்.