20 மி.லி. எடுக்க பிப்பெட்டா, அளவுசாடியா?

தரம்பார்த்தலில் (ஒரு கரைசலின் செறிவை இன்னொரு கரைசலால் கண்டறியும் சோதனை, titration) மோர் உப்பு (இரும்பு அம்மோனியம் சல்பேட்) கரைசலை அளக்க, அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாயான பிப்பெட்தான் சரி. ‘பி’ வகை (இரண்டாம் தரத் துல்லியம்) 20 மி.லி. பிப்பெட்டில் பிழை சுமார் 0.06 மி.லி.; 25 மி.லி. அளவுசாடியில் அரை மில்லி வரை போகும். பியூரெட்டை (துளித்துளியாகக் கரைசலை விடும் அளவுக்குழாய்) கண்ணை இடுக்கி 0.05 மி.லி. வரை படித்துவிட்டு, இங்கே அரை மில்லியைக் கோட்டை விட்டால் அத்தனையும் வீண்.

ஆனால் பிப்பெட்டுக்குக் கைப்பக்குவம் வேண்டும். முதலில் எடுக்கப்போகும் கரைசலாலேயே அலசுங்கள். கரைசலை விடும் கூம்புக் குடுவையை மட்டும் வாலைவடிநீரால் (காய்ச்சி வடித்த நீர்) அலசுங்கள். வடிந்ததும் நுனியைக் குடுவைச் சுவரில் தொட்டு எடுங்கள். கடைசித் துளியை ஊதித் தள்ளாதீர்கள். அதைக் கழித்துத்தான் அளவுக்கோடு போட்டிருக்கிறார்கள். வாயால் உறிஞ்சவே கூடாது, ரப்பர் பல்ப் இருக்கிறது.

அப்புறம் அளவுசாடி எதற்கு? மோர் உப்போடு செய்யும் பெர்மாங்கனேட் தரம்பார்த்தலில் சேர்க்கும் நீர்த்த கந்தக அமிலத்துக்கு. அது மிகுதியாக இருந்தால் போதும், துளிக்கணக்கு தேவையில்லை.