மூணாம் நம்பர் சிபியு எது?

சிங்கப்பூரில் தை செங் பக்கம் ஓர் அலுவலகத்தில் கேவிஎம் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒரே கணினிக்குள் பல மெய்நிகர் கணினிகளை (விஎம்) ஓட்டும் லினக்ஸ் வசதிதான் கேவிஎம். ஓடிக்கொண்டிருக்கும் விஎம்மை நிறுத்தாமல் விசிபியு, அதாவது விஎம்முக்குக் கொடுக்கும் மெய்நிகர் சிபியு, சேர்ப்பதை நாலு வருஷமாகச் செய்துவருகிறேன். சேர்ப்பது சுலபம், விர்ஷ் என்ற கட்டளைக் கருவியில் ஒரே வரி. சேர்த்த பிறகு எது எது என்று கண்டுபிடிப்பதில்தான் மாட்டிக்கொள்வோம்.

ஒரு சனிக்கிழமை ராத்திரி நான் மாட்டினேன். டேட்டாபேஸ் விஎம் ஒன்று. நாலு சாக்கெட் (சிப்), சாக்கெட்டுக்கு மூணு கோர், ஆக உச்சம் 12. 0, 1, 2 என்று மூணு விசிபியுவோடு ஓடிக்கொண்டிருந்தது. நினைவகம் இருந்த நியூமா நோடில் (நினைவகமும் அதற்கு அருகிலுள்ள சிபியுக்களும் சேர்ந்த தொகுதி) ஒன்று வேண்டும் என்று முதலில் 6-ஆம் விசிபியுவை ஏற்றினேன், அப்புறம் 3-ஐ. சற்று நேரத்தில் டேட்டாபேஸ் டீமில் இருக்கும் தஞ்சாவூர்த் தம்பி கூப்பிட்டான்.

"அண்ணே, சிபியு மூணு நூறு சதவீதத்துலயே நிக்குது."

சரி என்று ஹோஸ்டில், அதாவது விஎம்களைத் தாங்கும் நிஜ சர்வரில், 3-ஆம் விசிபியுவைக் காலியாக இருந்த கோருக்குப் பின் செய்தேன், அதில் மட்டும் ஓடும்படி கட்டிவைத்தேன். அசையவில்லை. வேறொரு கோருக்கு மாற்றினேன், அதே கதைதான். கீழே வாங்கி வந்த கோப்பி ஓ ஆறியதுதான் மிச்சம். கடைசியில் விஎம்முக்குள் போய் சிபியுக்களின் விவரம் இருக்கும் சிபியுஇன்ஃபோ கோப்பைத் திறந்தால், பிராசஸர் 3-க்கு நேரே ஏபிக் ஐடி (எந்தச் சாக்கெட், எந்தக் கோர் என்று காட்டும் அடையாள எண்) 8 என்று இருந்தது.

விஎம்முக்குள் ஓடும் எங்கள் பழைய லினக்ஸ் கெர்னல், வந்து சேரும் வரிசையில் எண் போடுகிறது. முதலில் வந்த 6-க்கு உள்ளே 3, பிறகு வந்த 3-க்கு உள்ளே 4. ஏபிக் ஐடி அப்படி மாறாது. மூணு கோரை எண்ண இரண்டு பிட் வேண்டும் என்பதால் சாக்கெட்டுக்கு நாலு எண் ஒதுக்கி ஒன்றைக் காலியாக விடுவார்கள்: 0, 1, 2, பிறகு 4, 5, 6, பிறகு 8. சாக்கெட்டையும் கோரையும் சுழியத்திலிருந்து எண்ணினால் 8 என்பது சாக்கெட் 2, கோர் 0. ஹோஸ்டில் அதுதான் 6-ஆம் விசிபியு. அதைப் பின் செய்ததும் இறங்கியது.

இப்போதெல்லாம் சேர்த்தவுடன் விஎம்மை ஓட்டும் க்யூஎம்யூ மென்பொருளிடமே சாக்கெட், கோர், திரெட் எண்களைக் கேட்டு ஒப்பிட்டுவிடுவேன். 2016-இல் வந்த 2.7 பதிப்பிலிருந்து அதற்கென்றே கட்டளை இருக்கிறது. கழற்றும்போது இது இன்னும் முக்கியம், தப்பான ஆளை வெளியே அனுப்பிவிடக்கூடாது பாருங்கள்.

குறைகளும் உண்டு. உச்ச எண்ணிக்கையை முன்பே எழுதி வைக்காவிட்டால் விஎம்மை நிறுத்தத்தான் வேண்டும். சில லினக்ஸ் விஎம்களில் புது சிபியு வந்தும் தூங்கிக்கொண்டிருக்கும், அந்தச் சிபியுவின் ஆன்லைன் கோப்பில் 1 எழுதி எழுப்ப வேண்டும். என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் துவங்கும்போது சிபியுக்களை எண்ணியதோடு சரி, ரீஸ்டார்ட் செய்தால்தான் புதுசைக் கண்டுகொள்ளும்.

அடுத்த விஎம்முக்குச் சாக்கெட்டுக்கு நாலு கோர் வைத்தேன். ஏபிக் ஐடியும் விசிபியு எண்ணும் ஒன்றாகிவிட்டன. வரிசைக் குழப்பம் மட்டும் அப்படியே இருக்கிறது.