பாம்பு கடிச்சா பைக்கா 108-ஆ, பக்கத்து பி.ஹெச்.சி-யா தூரத்து ஜி.ஹெச்-ஆ?

போன ஐப்பசில கடலை புடுங்கறப்ப எங்க சித்தப்பாவை கண்ணாடி விரியன் கடிச்சிருச்சு. கணுக்காலுக்கு மேல ரெண்டு புள்ளி, அவ்ளோதான், ஆனா அரைமணி நேரத்துல முட்டி வரைக்கும் வீங்கிப்போச்சு. காட்டுலயே ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க, 108-க்கு போடுன்னு ஒருத்தர், பைக்ல ஏத்துன்னு ஒருத்தர், பி.ஹெச்.சி (ஆரம்ப சுகாதார நிலையம்) 7 கிலோமீட்டர், ஜி.ஹெச் (அரசு பெரிய ஆஸ்பத்திரி) 38 கிலோமீட்டர், அந்த பதட்டத்துல ரெண்டுக்கும் போகாம வழியில இருந்த ஒரு க்ளினிக்ல நிறுத்திட்டோம். அங்க டி.டி ஊசியும் (டெட்டனஸ் தடுப்பு) வலிக்கு ஒரு ஊசியும் போட்டு முக்கால் மணி நேரம் படுக்க வெச்சாங்க. கண்ணாடி விரியன் விஷம் ரத்தத்தை உறைய விடாது, அந்த நேரத்துல தசையில போட்ட ஊசி குத்தின இடமே கன்னிப்போயிருச்சு. அன்னைக்கு தெரியாம போனதை எல்லாம் அப்புறமா கேட்டு படிச்சு எழுதறேன்.

முதல்ல வண்டி. 108-ல ஆக்சிஜன் இருக்கு, மூச்சு நின்னா காத்தை உள்ள தள்ளற ஆம்பு பேக் இருக்கு, அதை அமுக்கத் தெரிஞ்ச ஆள் இருக்காரு. ஆனா வண்டி வந்து சேரணும், காட்டுப்பாதைல அதுக்கு 25 நிமிஷமும் ஆகலாம். பைக் வீட்டு வாசல்லயே நிக்குது. பைக்ல கூட்டிட்டு போறது தப்புன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, நானும் நினைச்சேன். நேபாளத்துல டமக்னு ஒரு ஊரு, அங்க கிராமத்து தன்னார்வலர்களை வெச்சு பாம்பு கடிச்சவங்களை பைக்ல சிகிச்சை மையத்துக்கு கொண்டு போக ஏற்பாடு பண்ணாங்க, கூடவே ஜனங்களுக்கு விவரமும் சொல்லிக் கொடுத்தாங்க. ஓட்டறவர் முன்னாடி, கடிபட்டவர் நடுவுல, பின்னாடி ஒருத்தர் புடிச்சுக்கிட்டு. அதுக்கு முன்னாடி கடிபட்டவங்கள்ல 10.5 சதவீதம் பேர் செத்துட்டு இருந்தாங்க, அது 0.5 சதவீதமா இறங்குச்சு. அதனால ஆள் தெளிவா பேசறார், உட்கார முடியுது, 108 வர லேட்டாகும்னா பைக்தான் என் ஓட்டு. கார் கிடைச்சா இன்னும் நல்லது, காலை அசைக்காம வெச்சுக்கலாம்.

ஆனா ஒரு விஷயம் இதை அப்படியே மாத்திரும். கண் இமை கீழ இறங்குதா, எச்சில் முழுங்க முடியலையா, பேச்சு குழறுதா, அப்போ நல்ல பாம்போ கட்டு விரியனோ, அதோட விஷம் மூச்சை நிறுத்தப்போகுதுன்னு அர்த்தம். அந்த ஆளை பைக் நடுவுல வெச்சு ஓட்டக்கூடாது. 108-க்கு போன் போட்டுட்டு, கைல கார் இருந்தா காத்திருக்காம எதிர்ல போய் பாதி வழியில மாத்திக்கணும். கட்டு விரியன் பெரும்பாலும் ராத்திரி தரையில தூங்கறவங்களைத்தான் கடிக்கும், வலியே இருக்காது, விடியக்காலம் வயித்து வலின்னு எழுந்திருப்பாங்க, வீட்ல ஓமத் தண்ணி கொடுத்துட்டு இருப்பாங்க.

அடுத்தது எங்க போறது. இதுலதான் ரொம்ப பேர் தப்பு பண்றோம், பெரிய ஆஸ்பத்திரின்னா நல்லதுன்னு பக்கத்துல இருக்கறதை தாண்டி போயிடறோம். பாம்புக்கடிக்கு மருந்து ஏ.எஸ்.வி-ங்கற விஷமுறிவு மருந்து ஒண்ணுதான், நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் ஒரே மருந்து, பாம்பை அடிச்சு தூக்கிட்டு போக வேண்டிய அவசியமே இல்ல. பி.ஹெச்.சி-ல அந்த மருந்து இருந்தா 15 நிமிஷத்துல ஏற ஆரம்பிச்சிடும், ஜி.ஹெச் போனா ஒன்றரை மணி நேரம். சுத்தமான காஞ்ச கண்ணாடி டியூப்ல கொஞ்சம் ரத்தம் எடுத்து 20 நிமிஷம் ஆடாம வெச்சு சாய்ச்சு பார்ப்பாங்க, உறையாம ஓடுச்சுன்னா கண்ணாடி விரியன் மாதிரி ரத்தத்தை உறைய விடாத விஷம் ஏறியிருக்கு. இதுக்கு பெரிய லேப் எதுவும் வேண்டாம். ஜி.ஹெச்-ல இருக்கறது வென்டிலேட்டர், டயாலிசிஸ். ரெண்டும் தேவைப்படலாம், ஆனா மருந்து ஏறின பிறகு அங்க போகலாம்.

பி.ஹெச்.சி-யோட குறையையும் சொல்லணும். ராத்திரி டாக்டர் இல்லாம இருக்கலாம், மருந்து ஸ்டாக் தீர்ந்திருக்கலாம், சில இடத்துல அலர்ஜி வந்துருமோன்னு பயந்து ஒரு வயல் (மருந்து குப்பி) கூட போடாம ரெஃபர் எழுதிடறாங்க. அலர்ஜி நிஜமாவே வரும், அதை அடக்கற அட்ரினலின் ஊசியை கைல ரெடியா வெச்சுக்கிட்டு போடணும்.

கட்டு போடறதா, விடறதான்னா, போடாதீங்க. சித்தப்பா காலை துண்டால இறுக்கி கட்டி நீலமாகிடுச்சு. அதுக்கு பதிலா ஒரு கட்டையை வெச்சு கால் ஆடாம லேசா சுத்துனா போதும். ஏற்கனவே யாராவது இறுக்கி கட்டியிருந்தா நடுவழில அவிழ்க்காதீங்க, ஒரேயடியா விஷம் உடம்புல இறங்கிரும், டாக்டர் முன்னாடி அவிழ்க்கட்டும். கடிவாயை கீறறது, வாயால உறிஞ்சறது, மந்திரிக்கறது எல்லாம் நேரத்தை திங்கறதுதான்.

சித்தப்பாவுக்கு கடைசில ஜி.ஹெச்-ல 20 வயல் போட்டாங்க, மூணு தடவை டயாலிசிஸ் ஆச்சு, பொழைச்சிட்டார். அந்த முக்கால் மணி நேரம் எனக்கு இன்னும் உறுத்துது.

இப்ப எங்க வீட்டு கதவுக்கு பின்னாடி பி.ஹெச்.சி நம்பரும் ஜி.ஹெச் நம்பரும் கார் வெச்சிருக்கற மூணு பேர் நம்பரும் எழுதி ஒட்டியிருக்கு. கிளம்பறப்பவே ஒருத்தர் போன் போட்டு ரெண்டே கேள்வி கேட்கணும்: டாக்டர் இருக்காரா, ஏ.எஸ்.வி பத்து வயலாவது இருக்கா? இருக்குன்னா பி.ஹெச்.சி, இல்லன்னா நிக்காம நேரா ஜி.ஹெச்.