ஓசூர் – தளி – தேன்கனிக்கோட்டை மண் ரோட்டில் இரண்டு நாள்: கிராவல் சைக்கிள் சேவை எப்படி இருந்தது?

சேலத்தில் எட்டு வருடமாக ரோடு சைக்கிள் ஓட்டுகிறேன். ஞாயிறு காலை என்றால் ஏற்காடு, இல்லையென்றால் ஓமலூர் பக்கம் பைபாஸ், லாரி ஒன்று உரசிக்கொண்டு போகும்போது ஹேண்டிலை இறுக்கிப் பிடித்து மூச்சை அடக்குவது பழகிப்போன விஷயம். இரண்டே இரண்டு நாள் லாரி இல்லாத ரோட்டில் ஓட்ட வேண்டும் என்ற ஆசையில்தான் ஜனவரி முதல் வாரம் ஓசூரில் மூன்று இளைஞர்கள் சேர்ந்து நடத்தும் கிராவல் சைக்கிள் (மண், ஜல்லி ரோட்டுக்கென்றே செய்த சைக்கிள்) சேவையில் பதிவு செய்தேன். சைக்கிள் வாடகை, வழிகாட்டி, தேன்கனிக்கோட்டையில் ஓர் இரவு தங்கல், சாப்பாடு எல்லாம் சேர்த்து 5,800 ரூபாய். சேவையின் பெயரை இங்கே போடவில்லை. ஒரு குறை எழுதப் போகிறேன், அதை அவர்களிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன், சரி செய்கிறோம் என்றார்கள், அதற்குள் பெயரோடு ஏற்றுவது நியாயமாகப் படவில்லை.

முதலில் வண்டி. பார்க்க ரோடு சைக்கிள் மாதிரியே வளைந்த ஹேண்டில், ஆனால் டயர் 40 மில்லிமீட்டர் அகலம் (என் வீட்டு வண்டியில் 25), டிஸ்க் பிரேக், முன்னால் ஒரே ஒரு பல்சக்கரம், பின்னால் பெரிய பல்சக்கரத்தில் 42 பல். மண் ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் பின் சக்கரம் வழுக்கும், உட்கார்ந்தபடியே மிதித்து ஏற, லேசாக மிதிக்க விடும் இந்தக் கியர்தான் கை கொடுத்தது. கிளம்பும் முன் வழிகாட்டித் தம்பி என் எடையைக் கேட்டார், 72 கிலோ என்றேன், முன்னால் 32, பின்னால் 35 பி.எஸ்.ஐ. காற்று வைத்தார். வீட்டில் 90 அடிக்கிறவன் நான். கட்டை விரலால் அழுத்தினால் டயர் உள்ளே போகிறது, "பஞ்சர் வண்டி மாதிரி இருக்கே தம்பி" என்றேன். "ஓட்டிப் பாருங்கண்ணா, அப்புறம் சொல்லுங்க" என்றார். மத்திகிரி தாண்டி முதல் செம்மண் ரோட்டில் இறங்கியதுமே புரிந்துவிட்டது, கல்லும் பள்ளமும் டயரோடு நின்றுவிடுகின்றன, மணிக்கட்டுக்கு வருவதே இல்லை.

டயருக்குள் டியூப் கிடையாது, பால் மாதிரி சீலன்ட் ஊற்றியிருக்கிறார்கள். தளிக்கு முன்னால் ஒரு வேலியோரம் கருவேல முள் ஏறி புஸ்ஸென்று சத்தம் வந்தது, வெள்ளைத் துளிகள் நாலைந்து என் கால் மீது தெறித்தன, நான் இறங்கப் போக "நிக்காதீங்கண்ணா, மிதிங்க" என்று பின்னாலிருந்து குரல். சக்கரம் சுற்றச் சுற்ற ஓட்டை அடைத்துக்கொண்டது. அடுத்த டீக்கடையில் அழுத்திப் பார்த்தேன், காற்று கொஞ்சம்தான் குறைந்திருந்தது. நம் ஊர் வெயிலுக்கு இந்தத் திரவம் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துபோகும், அதனால் எங்கே வாடகைக்கு எடுத்தாலும் கடைசியாக எப்போது ஊற்றினீர்கள் என்று கேட்டுவிடுங்கள்.

இப்போது வழி. நான் கொடுத்த காசுக்கு உண்மையான மதிப்பு இதில்தான் இருக்கிறது. ஓசூரே கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம், தளி அதைவிடக் கொஞ்சம் மேலே, பிரிட்டிஷ்காரர்கள் குளிருக்காக அதைக் குட்டி இங்கிலாந்து என்றே அழைத்தார்கள். ஏற்காடு மாதிரி ஒரே மூச்சில் ஏறும் மலை இங்கே இல்லை. ஒரு மேடு ஏறினால் ஏரி தெரியும், இறங்கினால் ராகிக் கொல்லை, மறுபடி மேடு, மேட்டின் மேல் நாலு வீடும் ஒரு புளிய மரமும், நாள் முழுக்க இப்படியே. ரோஜா வளர்க்கும் பசுமைக்குடில்களைத் தாண்டினால் கொள்ளும் அவரையும், அவரைப் பூ வாசம் காலைப் பனியில் நிற்கிறது. டீக்கடையில் ஒருவர் தெலுங்கில் கேட்க இன்னொருவர் கன்னடத்தில் பதில் சொல்ல கடைக்காரர் நம்மிடம் தமிழில் சில்லறை கேட்பார். முதல் நாள் தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, சுமார் 60 கிலோமீட்டர். அதில் பாதிக்கு மேல் மண். மேப்பில் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது, எந்த வண்டிப்பாதை கொல்லைக்குள் போய் முடியும், எது அடுத்த ஊருக்குப் போகும் என்பது அங்கேயே திரிந்தவருக்குத்தான் தெரியும்.

யானை விஷயத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ராகி விளையும் சமயத்தில், அக்டோபர் நவம்பர் வாக்கில் தொடங்கி, கர்நாடகத்தின் பன்னேர்கட்டா காட்டிலிருந்து கூட்டம் கூட்டமாக ஜவளகிரி வழியாக இந்தப் பக்கம் வருகின்றன. இங்குள்ள காடுகளில் ஒரு பகுதி 2014இல் காவிரி வடக்கு வன உயிரின சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நான் போன இரண்டு நாளும் காலை ஏழரைக்கு முன்னால் கிளம்பவில்லை, மாலை நாலரைக்கு மேல் ஓட்டவில்லை. ஒவ்வொரு ஊருக்கு முன்னாலும் தம்பி நின்று போன் போட்டு "ராத்திரி எந்தப் பக்கம் இருந்துச்சு" என்று கேட்பார், ஒரு தடவை பதில் வந்ததும் பேசாமல் சைக்கிளைத் திருப்பினார், ஆறு கிலோமீட்டர் தார் ரோட்டில் சுற்றிப் போனோம். கொல்லைகளில் பரண் கட்டி, ராத்திரி முழுக்கக் கண் விழித்துக் காவல் இருக்கிறார்கள். நாம் ஒரு சனி ஞாயிறு வந்து போகிறவர்கள், அவர்களுக்கு அது வருடாவருடம் தூக்கம் கெடும் வேலை. காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் போவது குற்றம், இந்தச் சேவையில் ஒரு தடவைகூட உள்ளே நுழையவில்லை, காட்டின் விளிம்போடு சரி. "உள்ள ஒரு ஷார்ட்கட் இருக்கு வாங்க" என்று கூப்பிடும் வழிகாட்டி யாராவது இருந்தால் அவரோடு போகாதீர்கள்.

ஜவளகிரிக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் ரோட்டை அடைத்துக் கொள்ளுச் செடியைப் பரப்பியிருந்தார்கள், பஸ்ஸும் டிராக்டரும் ஏறி ஏறிப் போனால் காய் உடைந்து கொள்ளு உதிரும். நான் இறங்கித் தள்ளப் பார்த்தேன். ஓரத்தில் முறத்தோடு உட்கார்ந்திருந்த பாட்டி, "ஏறியே போ சாமி, ஒண்ணும் ஆகாது" என்றார். ஏறினேன், இருபது அடிகூடப் போகவில்லை, காய்ந்த கொடி பின் கியரில் சுற்றிக்கொண்டு சங்கிலி நின்றுவிட்டது. பாட்டியே எழுந்து வந்து ஒவ்வொரு கொடியாக உருவி எடுத்தார், எடுத்ததை வீசாமல் மறுபடி ரோட்டிலேயே பரப்பினார். ஒரு கை கொள்ளு அள்ளி என் சட்டைப் பையில் போட்டார்.

இரவுச் சாப்பாடு தேன்கனிக்கோட்டையில், ராகிக் களியும் கீரைக் குழம்பும் அவரைக்காய்ப் பொரியலும். அறை சுத்தம், சுடுதண்ணீர் இருந்தது. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

குறை இரண்டாம் நாள்தான் தெரிந்தது. கெலமங்கலம் பக்கம் ஒரு நீண்ட ஜல்லி இறக்கத்தில் பின் பிரேக்கைப் பிடித்ததும் இரும்பும் இரும்பும் உரசுகிற சத்தம். நிறுத்திக் கழற்றிப் பார்த்தால் பிரேக் பேட் முழுக்கத் தேய்ந்து தகடு தெரிகிறது. மாற்றுப் பேடும் கையில் இல்லை. தம்பி தன் வண்டியை எனக்குக் கொடுத்துவிட்டு என் வண்டியை முன் பிரேக்கோடு மட்டும் மெதுவாக ஓட்டி வந்தார், இறக்கம் வந்த இடத்திலெல்லாம் இறங்கித் தள்ளினார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, ஆனால் மலைப்பக்கம் அனுப்புகிற வண்டியில் பேடைப் பார்க்காமல் அனுப்பியது பெரிய தவறு, செம்மண் தூசியில் பேட் சீக்கிரம் தேயும் என்பது அவர்களுக்குத் தெரியாததா என்ன. நீங்கள் போனால் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பிரேக் பிடித்துப் பாருங்கள், பேடை எட்டிப் பாருங்கள், உதிரி பேட் எடுத்துக்கொண்டீர்களா என்று வாய்விட்டுக் கேளுங்கள். சீட் உயரத்தையும் முதல் அரை மணி நேரத்திலேயே சரி செய்துகொள்ளுங்கள், நான் கூச்சப்பட்டு விட்டுவிட்டேன், முட்டி மூன்று நாள் வலித்தது.

மழை பெய்த மறுநாள் போக வேண்டாம். செம்மண் டயரில் அப்பிச் சக்கரமே சுற்றாது என்று அவர்களே சொன்னார்கள், அப்படி மழை வந்தால் தேதி மாற்றித் தருகிறார்கள், காசு பிடிப்பதில்லை.

பிப்ரவரி கடைசியில் மனைவியையும் கூட்டிக்கொண்டு மறுபடி போகிறேன். அவர் உயரத்துக்குச் சின்ன பிரேம் வண்டி இருக்கிறதா என்று கேட்டேன், இருக்கிறது என்றார்கள். இரண்டு வண்டியின் பிரேக் பேடையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். நேற்று ராத்திரி அனுப்பிவிட்டார்கள், நாலும் புதுசு.